சீவி விட்ட புல்

வெட்டிப் போட்ட புல் வாடவில்லை.

மதில் ஓரமாக அவன் குவித்து வைத்த இடத்திலேயே, மொட்டை வெயிலில், அறுத்த அன்று இருந்த அதே பச்சையில் கிடந்தது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. விரலில் சுற்றினால் சுற்றிக்கொண்டது. விட்டால் மெல்லப் பிரிந்து நிமிர்ந்தது. அறுத்த புல்லுக்கென்று மூக்கில் ஏறி நிற்கும் ஒரு பச்சை வாசனை உண்டே, அது இதில் இல்லை. பல நாள் குளிக்காத தலையின் வாசனை அடித்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் வாசனை போகவில்லை.

வாடிக்கொண்டிருந்தது மற்றது. மகள் படுக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே, வரிசையாக, தரையோடு தரையாக அவன் மழித்து விட்டிருந்த தூர்கள். நடுவில் பழுப்பேறி, சுற்றிலும் வைக்கோல் நிறத்துக்கு வந்து, தொட்டால் பொடிந்தன. மண்ணில் வேரோடு இருப்பது காய்கிறது, வேரில்லாமல் கிடப்பது பச்சையாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் முதலில் தான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அவனுக்குத் தராசு பழுது பார்க்கும் வேலை. சந்தை, இரும்புக் கடை, பார்சல் அலுவலகம் என்று எடை காட்டும் கருவி எங்கே பொய் சொன்னாலும் அவனைக் கூப்பிடுவார்கள். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவுப் பணி. அவள் விடிகாலையில் திரும்பும்போது அவன் தூக்கத்தில் இருப்பான். அரைத் தூக்கத்தில் ஜன்னலுக்குக் கீழே சர்... சர்... என்று ஒரு சத்தம் கேட்கும். பெருக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பான்.

எதிர்வீட்டு அக்கா ஒருமுறை சொன்னாள். "உங்க வீட்டுக்காரி தினம் காலைல குத்த வச்சு உக்காந்து புல்லுக்குப் பேன் பாக்குறா தம்பி. கேட்டா, உங்களுக்கும் பாக்கணுமா அக்கான்னு என்னையே கேக்குறா."

அந்த அக்கா எல்லாரைப் பற்றியும் எதையாவது சொல்வாள். அவனும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் மனைவிக்கு அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் வந்தது. போனில் அவசரமாகப் பேசினாள். பின்னால் சலவை எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"நம்ம குண்டூசிப் பொண்ணுக்கு மருந்து குடுத்துட்டீங்களா? சரி. புல்லை மட்டும் கொஞ்சம் சீவி விட்டுருங்க. நாள் தள்ளக் கூடாது."

பூங்காக்களில் புல்லைச் சீவுகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். ஒட்டச் சீவினால்தான் புதுசாகத் தழைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அரிவாளைத் தீட்டிக்கொண்டு போய், கொத்துக் கொத்தாகப் பிடித்து, அடியோடு சீவி எடுத்தான். முதுகு வலித்தாலும் வேலை சுத்தமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேலையின் நடுவே ஜன்னலுக்கு உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கழுத்துல கூசுது."

"போர்வையை இழுத்துப் போத்திக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தைப் பிடித்தான்.

மனைவி வந்து பார்த்தபோது கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கைப்பையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஒவ்வொரு தூரிலும் விரலை விட்டு எதையோ தேடினாள். அவள் விரல்கள் முழுக்கப் பிளேடால் கோடு போட்டது போல மெல்லிய கீறல்கள். பழையதும் புதியதும். அன்றுதான் அவன் அதைக் கவனித்தான்.

"சீவி விடச் சொன்னேன்."

"சீவித்தானே விட்டிருக்கேன்?"

"கையால வாரி விடணும்ங்க. காஞ்சது மட்டும் தானா வரும். குண்டூசிக்குத் தலை சீவி விடுங்கன்னு சொன்னா அரிவாளையா எடுப்பீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் செத்தது.

போன வருஷம் பெரிய டாக்டர் மகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். அவள் அழாமல் நாற்றுப்பண்ணைக்குப் போய்விட்டாள். "எல்லாக் காலத்துலயும் பச்சையா நிக்கிறது எதுன்னு கேட்டேன், இதைக் குடுத்தாரு" என்று ஒரு தள்ளுவண்டி நிறையப் புல்லோடு வந்து இறங்கினாள். அழகுக்கு வளர்ப்பது. இடுப்பளவு உயரத்தில் நீரூற்று போலப் பொங்கி வளைந்து விழும். மருந்தின் வேகத்தில் மகளுக்குக் கொட்டிய முடியையெல்லாம் தலையணையிலிருந்து பொறுக்கி ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி போட்டு அதன் மேல் புல்லை நட்டாள்.

"குப்பையில போட மனசு வரல" என்றாள்.

மகள் பிழைத்தாள். முடி வளர்ந்து முதுகுக்கு வந்தது. டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மருந்துக்கு நன்றி சொன்னான்.

இப்போது அவள் மறுபடி படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வெறுமனே படுத்திருந்தாள். குண்டூசி என்பது, ஊசி போல மெலிந்தவள் என்று அவன் வைத்த செல்லப் பெயர். கூப்பிடவே இப்போது நாக்கு கூசியது.

மனைவி வேலைக்குக் கிளம்பிப் போன ஒரு சாயங்காலம், மகளை எழுப்பி உட்காரவைத்தான்.

"தலையைக் காட்டு குண்டூசி. சிக்கு எடுத்து விடுறேன்."

"அரிவாள் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"வாயப் பாரு. உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

"எதிர்வீட்டு அத்தையும் சொன்னாங்க. தெருவுக்கே தெரியும்ப்பா."

சிரித்தாள். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது. அது நெஞ்சுச் சளியின் இருமல் இல்லை. காற்றில் சருகு தரையில் இழுபடுகிற சத்தம். அவன் சீப்பை அவள் உச்சியில் வைத்து மெல்ல இழுத்தான். முடி வேரோடு வரவில்லை, நடுவில் முறிந்தது. முறியும்போது ஒவ்வொன்றிலும் டிக், டிக் என்று சன்னமாகச் சத்தம் கேட்டது. சீப்பில் நின்றது கறுப்பாக இல்லை, வைக்கோல் நிறத்தில் இருந்தது. அவள் பார்க்காதபடி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மறுபடி சீப்பை வைத்தான்.

சர்.

ஜன்னலுக்குக் கீழேயும் கேட்டது. சர்.

கையை நிறுத்தினான். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஒரு மோட்டார் சைக்கிள் தெருவைக் கடந்தது. அவன் சீப்பை மறுபடி இழுத்தான். கீழேயும் இழுபட்டது. நிறுத்தினான். கீழே அது நிற்கவில்லை. இன்னும் ஒருமுறை, நிதானமாக, அடியிலிருந்து நுனிவரை, நீளமான ஒன்றை யாரோ வாரி விட்டார்கள்.

எட்டிப் பார்த்தான். மழித்த தூர்கள். மதிலோரம் குவியல். வேறு யாரும் இல்லை. ஆனால் குவியலாகக் கிடந்தது இப்போது குவியலாக இல்லை. ஒரே பக்கமாக, இழை பிசகாமல், படிய வாரியிருந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டு மகளைத் தூக்கி அடுத்த அறையில் படுக்கவைத்தான். எத்தனையோ எடைக்கற்களைத் தூக்கிப் பழகிய கை. தராசு இல்லாமலே அதற்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த அன்றுகூட அவள் இவ்வளவு லேசாக இல்லை.

மறுநாள் நாற்றுப்பண்ணைக்குப் போனான். பண்ணைக்காரர் தொப்பை நனைய நனையத் தொட்டிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னதைக் கேட்டுக் குழாயை மூடினார்.

"அடியோடயா வெட்டினீங்க?"

"ஆமா. சீவி விடச் சொன்னாங்க..."

"நாசமாப் போச்சு." அவர் கோபப்படவில்லை, தொழில்காரர் தொழில்காரரிடம் பேசுவது போலச் சொன்னார். "வருஷா வருஷம் காஞ்சு போற புல்லுன்னு ஒண்ணு இருக்கு சார். அதை ஒட்ட வெட்டலாம், மறுபடி வந்துரும். செத்துப் பொழைச்சுப் பழகுன ஜாதி அது. இது அப்படி இல்ல. இதுக்குச் சாகவே தெரியாது. அதனால திரும்பி வரவும் தெரியாது."

"இப்ப என்ன பண்றது?"

"தூரைத் தோண்டி வெளிய எடுங்க. எங்கயாவது ஒரு ஓரத்துல உசுரு இருக்கும். நல்ல மண்வெட்டியா பாத்து, நடுவுல வச்சு, ரெண்டாப் பிரிச்சிருங்க. உசுரு இருக்கிற பக்கத்தை மட்டும் புது மண்ணுல நட்டு நல்லாத் தண்ணி விடுங்க. தழைச்சிரும்."

"இன்னொரு பக்கம்?"

"அது எதுக்கு? சாக்குல கட்டித் தூக்கிப் போடுங்க. பாவம் பாத்துப் பக்கத்துலயே வச்சிருந்தீங்கன்னா நல்லதையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்."

அவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை அப்படியே சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிற்பாடு அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். அவன் புல்லைப் பற்றித்தான் சொன்னான். அவளும் புல்லைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்தான்.

"ரெண்டாப் பிரிக்கணும்னா சொன்னாரு?"

"ஆமா."

"காஞ்ச பக்கத்தை வச்சிருக்கவே கூடாதா?"

"கூடாதாம். நல்லதையும் இழுத்துட்டுப் போயிருமாம்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "நாளைக்கு நான் லீவு போட்டுடுறேன். நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க. நானே பாத்துக்குறேன்."

"நானும் இருக்கேனே. தோண்டுறது கஷ்டம்."

"வேண்டாம். நீங்க கை வச்ச வரைக்கும் போதும்."

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கிற குரல் அது.

மறுநாள் முழுக்கச் சந்தையில் ஒரு பெரிய மேடைத் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முள் எங்கேயும் நிற்காமல் ஆடியது. எதைச் சரி செய்தாலும் ஆடியது. பொழுது சாய வீட்டுக்கு வந்தான்.

ஜன்னலுக்குக் கீழே புது மண். ஈரம். வரிசையாகச் சின்னச் சின்னப் பச்சைக் கொத்துகள், நிமிர்ந்து, உயிரோடு. மதிலோரக் குவியலைக் காணவில்லை. மண்வெட்டி கழுவிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் தகட்டில் ஒரு துளி மண்கூட இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், வாய் இறுகக் கட்டிய ஒரு சாக்கு மூட்டை.

உள்ளே மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள். கன்னம் நிரம்பியிருந்தது. முடி, பளபளவென்று, படிய வாரி, இடுப்பைத் தாண்டிக் கட்டிலில் வழிந்தது. அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அழுதான். அவளுடைய உடம்பு குளிர்ந்திருந்தது. பரவாயில்லை. ஈரமாக இருந்தது. குளித்திருப்பாள். தூக்கினான். கனத்தாள். நனைந்த மண்ணைத் தூக்குவது போல.

"குண்டூசி."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குண்டூசி, இங்க பாரு. அப்பா அரிவாள் எடுத்துட்டு வந்திருக்கேன்."

சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பினாள். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக முகம் மறுபடி போய்விட்டது. சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீர் குடித்தாள். செம்பு செம்பாகக் குடித்தாள். குடிக்கும்போது தொண்டை அசையவில்லை.

அவன் அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினான். ஊசி ஏற்றி ஏற்றித் தழும்பேறிய முழங்கை மடிப்பு. அவன் எத்தனையோ தடவை ஊதி விட்ட இடம்.

வழுவழுவென்று இருந்தது.

"தழும்பு எங்க?"

மனைவி கதவருகே நின்றாள். அவள் முகத்தில் பல நாள் தூங்கி எழுந்த தெளிவு.

"அது காஞ்ச பக்கத்தோட போயிருச்சு" என்றாள்.

அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

படுத்தான். தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் மூச்சுச் சத்தமே இல்லை. கேட்டுப் பக்கம் ஏதோ உரசியது. எலி. சாக்கில் எலி புகுந்திருக்கும். சருகு இழுபடுகிற சத்தம். நின்று நின்று வந்தது. மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்த இருமலின் தாளம் அவனுக்குத் தெரியும். எலிதான். எலி இருமாது. எலிதான். போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டான். அவன் எழுந்து போகவில்லை. நாலு எட்டு வைத்தால் கேட். போகவில்லை.

விடிந்தது. குப்பை வண்டியின் ஹாரன் தெருமுனையில் கேட்டது.

"அந்த மூட்டையைப் போட்டுட்டு வந்துருங்க" என்றாள் மனைவி. மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து விரல்களால் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து நுனிவரை. அவள் விரல்களில் ரத்தம் கோடு கோடாக வடிந்தது. "கட்டை அவுக்காதீங்க. அவுத்தா இவ வாடிருவா. ரெண்டும் போயிரும்."

"நீ என்ன பண்ண?"

"நீங்க வந்து சொன்னதைத்தான்."

வெளியே வந்தான். வெயில் இன்னும் ஏறவில்லை. சாக்கு மூட்டை கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவன் பார்த்தபோது அது படுத்துக் கிடந்தது.

இரண்டு கையாலும் தூக்கினான். லேசு. கை எடையைச் சொன்னது. அவனுக்கு அதைக் கேட்க விருப்பமில்லை. கை சொல்லிவிட்டது.

வண்டி வந்து நின்றது. குப்பைக்காரர் குதித்து இறங்கி மூட்டையின் மறுமுனையைப் பற்றினார். எதிர்வீட்டு அக்கா மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பாப்பா எழுந்துருச்சு போல! ஜன்னல்ல நிக்குது பாருங்க, முகத்துல என்னா களை!"

சாக்குக்குள் ஏதோ புரண்டது. அவன் கைப்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. சாக்கின் மேல் சின்னதாக ஒரு புடைப்பு, அவன் கட்டைவிரலைத் தேடித் தேடி, கண்டுபிடித்து, அழுத்தியது.

குப்பைக்காரர் பிடியைத் தளர்த்தினார். "என்ன சார், உள்ள பூனையா?"

"இல்ல" என்றான் அவன். "புல்லு."

"அப்ப விடுங்க சார். நாலு தெரு பாக்கி கெடக்கு."

அவனுடைய கை விடவும் இல்லை, கட்டைத் தொடவும் இல்லை. அவர் இழுத்தார். மூட்டை இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது. அதன் நடுப்பகுதி மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

"அப்பா" என்றது சாக்கு. காய்ந்த குரல். அவளுடைய குரல். "அப்பா, நான் உள்ள இருக்கேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மகள் நின்றாள், படிய வாரிய தலையோடு, கொழுத்த பச்சை நரம்புகள் கழுத்தில் தெரிய. அவள் தோளில் மனைவியின் கை. மகளின் உதடுகள் கொஞ்சம் தாமதமாக அசைந்தன.

"அப்பா. நான் உள்ள இருக்கேன்."